அக்கா குடிக்காத தேத்தண்ணி

இன்சுலின் பார்ப்பதற்கு எடுக்கிற இரத்தம் ரொம்ப ரோஷக்காரி. ஊசியை முரட்டுத்தனமாகக் குத்தி வேகமாக இழுத்தால் உள்ளே அணுக்கள் உடைந்துபோகும். உடைந்த இரத்தத்தில் இன்சுலின் உள்ளபடி காட்டாது, குறைத்துத்தான் காட்டும். எடுத்ததும் உறைய விட்டு, எந்திரத்தில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைப் பிரித்து ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக ஊசி பிடிக்கிறேன். என் கையில் ஒரு குழாய் இரத்தம்கூட உடைந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. "மிஸ்ஸி எடுத்த இரத்தம் சரியில்லை" என்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இரத்தத்தின் மேல் பழி போட முடியாமல் போனதால்தான் அதைக் கொடுத்த பெண்கள் மேல் பழி போட்டார்கள்.

எங்கள் பக்கம் நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கமில் இரண்டு கடைவீடுகளை ஒன்றாக்கிக் கட்டிய கிளினிக் ஒன்றில் பதினோரு வருஷம் மிஸ்ஸியாக இருந்தேன். டாக்டர் நம்ம ஆள். தமிழர் என்பதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டிலிருந்து டாக்டருக்குப் படித்துப் போன ஒரே பையன் என்று அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிப் பேசியே நான் வளர்ந்தேன். என் அம்மா இறந்தபோது கிளினிக்கைச் சாத்திவிட்டு வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அந்த ஒரு தோளை நினைத்தே எத்தனையோ கேள்விகளை நான் கேட்காமல் விட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஒரு நாள் மதியம், நோயாளிகள் இல்லாத நேரத்தில், டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு உடம்பை வரைந்தார். படம் என்னவோ பூசணிக்காய் மாதிரிதான் இருந்தது.

"பயந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குதுல்ல மிஸ்ஸி, அது அட்ரினலின் வேலை. அது வந்து தட்டறதுக்குன்னு உடம்பு பூராக் கதவு இருக்கு. பீட்டான்னு பேரு. ஒன்னு நெஞ்சுல இருக்கு, ஒன்னு நுரையீரல்ல இருக்கு, ஒன்னு மூத்திரப் பையில இருக்கு. இந்தப் புது மாத்திரை மூத்திரப் பைக் கதவ மட்டும் தட்டும். பை இளகிக் கொடுக்கும். அடிக்கடி ஓட வேண்டியதில்ல, அடக்க முடியாம தவிக்க வேண்டியதில்ல."

"நல்லதுதானே டாக்டர்?"

"நல்லதுதான். ஆனா அதே கதவு வேற இடத்துலயும் இருக்கே. மாத்திரை அங்கயும் போய்த் தட்டி, கணையம் வேணாத நேரத்துல இன்சுலினைக் கொட்டிடுச்சுன்னா? வெறும் வயித்துல இன்சுலின் ஜாஸ்தியானா சீனி திடீர்னு இறங்கும், வேர்க்கும், நடுங்கும். வருஷக்கணக்கா அப்படியே ஓடினா உடம்பே கெட்டுப்போகும். அது நடக்குதா இல்லையான்னு பாக்கத்தான் இந்த ஆய்வு. மாத்திரைக்கு முன்னாடி ஒரு தடவை இரத்தம், மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை. ஆளுங்கள மட்டும் நீங்க கொண்டுவாங்க. நான் கூப்பிட்டா வர மாட்டாங்க, நீங்க கூப்பிட்டா வருவாங்க."

அது உண்மைதான். மூத்திரம் அடக்க முடியவில்லை என்று எந்தப் பொம்பளையும் ஆம்பளை டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல மாட்டாள். ஆனால் யாருக்கு அந்தத் தொல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் முன் வரிசை காலியாக இருந்தாலும் முன்னால் போகாமல் கதவோரம் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்களைப் பார்த்தாலே போதும். பூசை முடிந்ததும் ஒவ்வொருத்தியாக ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினேன். முதலில் "சீ, எனக்கெல்லாம் இல்ல" என்றார்கள். அப்புறம் கண் கலங்கினார்கள். அவர்கள் மூலமாக மாரியம்மன் கோயில் பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். மிஸ்ஸி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வந்தவர்கள். சம்மதப் படிவங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தியும் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதில் என் அக்காவும் ஒருத்தி. என் கூடப் பிறந்தவள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். செடெனாக்கில் இருக்கிறாள். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறி, சிங்கப்பூருக்குப் போகும் கடல் பாலத்தைத் தாண்டி, சாயங்காலம் திரும்புவாள். ஜொகூர்க்காரர்களுக்கு அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நெரிசல் நாளில் பஸ் பாலத்தின் மேல் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும். இறங்க முடியாது. கழிப்பறை கிடையாது. முன்னும் பின்னும் வண்டிகள், இரண்டு பக்கமும் தண்ணீர்.

அக்கா முந்தின நாள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். உதடு வெடித்துத் தோல் உரிந்து கிடக்கும். வேலை இடத்திலும் குடிக்க மாட்டாள், திரும்பி வர வேண்டுமே. "என்னக்கா இது, கிட்னி போயிடும்" என்று நான் கத்துவேன். "கிட்னி போனா போகட்டும், மானம் போகக் கூடாது" என்பாள். ஒரு நாள் என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், பாலத்தின் மேல் ஒரு தடவை அடக்க முடியாமல் போனதைச் சொன்னாள். சீட்டு நனைந்துவிட்டது. குளிருக்குப் போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லோரும் இறங்கும் வரை தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாளாம். புருஷனுக்குக்கூடத் தெரியாமல் உடுப்பைத் துவைத்தாளாம். சொல்லி முடித்துவிட்டு, "வெங்காயம் காரம்" என்றாள்.

மறுவாரமே அவளை ஆய்வில் சேர்த்தேன்.

மாத்திரை வேலை செய்தது. அதை நான் மறைக்க மாட்டேன். மூன்றாவது வாரம் வேலை இடத்திலிருந்து போன் போட்டாள். ஊருக்கு நான் மிஸ்ஸி, அவளுக்கு மட்டும் எப்போதும் பாப்பாதான். "பாப்பா, இன்னிக்குப் பஸ்ஸுல உக்காந்து ஒரு போத்தல் தண்ணி குடிச்சேன்டி! பாலத்துல முக்கால் மணி நேரம் நின்னுச்சு. நான் பாட்டுக்கு ஜன்னல் வழியாக் கப்பல் பாத்துக்கிட்டே வந்தேன்." அக்கா கப்பல் பார்த்தாளாம். இத்தனை வருஷம் அந்தப் பாலத்தைத் தாண்டியவள், அன்றுதான் கப்பல் பார்த்திருக்கிறாள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இனி அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா வினைக்கும் அதுதான் காரணம்.

இரத்தப் பரிசோதனை என்றால் எங்கள் பெண்களுக்கு அது பரீட்சை மாதிரி. எப்போதும் சாப்பிடுகிறபடி சாப்பிட்டுவிட்டு, பத்து மணி நேரம் மட்டும் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்வேன். கேட்பார்களா? இரத்தம் கொடுக்கிற சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே சோற்றை நிறுத்திவிடுவார்கள். காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் ஒரு துண்டு ரொட்டி, சாயங்காலம் வெந்தயத் தண்ணீர். பரிசோதனை முடிந்து வெளியே வந்ததும் எதிர்க்கடையில் ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், பரோட்டாதான். "ரிசல்ட் நல்லா வந்தாத்தானே மிஸ்ஸி உங்களுக்கும் பேரு" என்று ஒரு அம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்காகப் பட்டினி கிடந்தார்களாம்! திட்டவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. "டாக்டர்கிட்டச் சொல்லிடாதீங்க மிஸ்ஸி" என்று ஒவ்வொருத்தியும் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

ஆனால் எழுதி வைத்தேன். படிவங்களில் ஆம், இல்லை என்று கட்டங்கள்தான் இருந்தன. இந்தக் கதைகளுக்கு அதில் இடமில்லை. நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு, ஒவ்வொருத்தி சொன்னதையும் தமிழில் எழுதினேன். யார் எத்தனை நாள் சோறு தின்னவில்லை, யார் பாகற்காய்ச் சாறு குடித்தாள், யாருக்கு மாத்திரைக்கு முன்னால் எவ்வளவு தொல்லை இருந்தது, எல்லாம். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னதையும் எழுதினேன், தேதியோடு. ஆராய்ச்சி என்றால் ஒன்றையும் விடக் கூடாது என்று நினைத்தேன். என்னைப் பெரிய விஞ்ஞானி என்று நானே நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

இரண்டாவது இரத்தம் எடுக்கிற நாள் நெருங்கும்போது அக்காவுக்கு நடுக்கம் ஆரம்பித்திருந்தது. காலையில் பஸ்ஸில் திடீரென்று குப்பென்று வேர்க்குமாம், கை நடுங்குமாம், பசி வயிற்றைக் கவ்வுமாம். ஒரு நாள் வேலை இடத்தில் நின்றபடியே சரிந்து விழுந்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெண் "அலமாக், காக்கா!" என்று, ஐயோ அக்கா என்கிற மாதிரி, பதறிப்போய் வாயில் மிட்டாய் போட்டதும் எழுந்து உட்கார்ந்தாளாம். டாக்டரிடம் ஓடினேன். பக்கவிளைவுப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். "பாக்கலாம் மிஸ்ஸி, ரிசல்ட் வரட்டும்" என்றார்.

இரத்தம் கொடுக்க முந்தின நாள் சாயங்காலமே அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளும் மற்றவர்கள் மாதிரி இரண்டு நாளாகச் சோறு தின்னாமல்தான் வந்திருந்தாள். என் பக்கத்தில் படுத்தாள், என் கண் முன்னால் எழுந்தாள், என் காரில் கிளினிக்குக்கு வந்தாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவள் கையில் நான்தான் ஊசி போட்டேன்.

முடிவுகள் வந்தபோது நாலு பேருக்கு வெறும் வயிற்றிலேயே இன்சுலின் மேலே ஏறியிருந்தது. நாலில் ஒருத்தி அக்கா. டாக்டர் நாலு தாளையும் வரிசையாக மேசை மேல் பரப்பினார். பிறகு, "அந்த நீல நோட்டு ஒன்னு வச்சிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் குடுங்க" என்றார். கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. "அருமை மிஸ்ஸி. எந்த ஆய்விலயும் இப்படி ஒரு குறிப்பு இருக்காது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இன்றைக்கு அதை நினைத்தால் செருப்பால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் டாக்டர்கள் கூட்டம். எங்கள் டாக்டர் ஆய்வைப் பற்றிப் பேசப் போகிறார், என்னையும் வரச் சொன்னார். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். மாத்திரை செய்கிற கம்பெனிக்காரர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்றை எங்கள் டாக்டரிடம் கொடுக்கப் போவதாகப் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் மேடையேறினார். மாத்திரையால் இன்சுலின் ஏறவில்லை என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாலு பேருக்கு ஏறியிருந்தது, ஆனால் அவர்கள் சொன்னபடி நடக்காதவர்கள், அதனால் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம் என்றார். அத்தாட்சிக்காக என்று திரையில் ஒரு படம் போட்டார். நீல நோட்டின் ஒரு பக்கம். என் கையெழுத்து, ஆளுயரத்துக்கு. மேலே அக்காவின் எண். "இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை" என்ற வரியைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். அதற்கு மேலேயே, வட்டம் இல்லாமல், பாலத்தில் நனைந்துபோனது, மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியது, எல்லாம் தெளிவாக நின்றது. மண்டபத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேரோ தெரியாது. எனக்குப் பின்னால் ஒரு ஆள் மூக்கால் சிரித்தது மட்டும் கேட்டது.

"எங்க மிஸ்ஸியோட உழைப்பு இது" என்று ஆங்கிலத்தில் சொல்லி டாக்டர் என்னை எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தேன். கை தட்டினார்கள். பட்டுச்சேலையில் மரம் மாதிரி நின்றேன். அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் என் கன்னத்தில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை, கிளினிக் திறக்கும் முன்பே அவர் அறைக்குள் போனேன்.

"டாக்டர், எப்படி நாலு பேரை எடுத்தீங்க?"

"உங்க நோட்டுல இருக்கறதுதானே மிஸ்ஸி. சொன்னபடி சாப்பிடல. அப்படிப்பட்டவங்க இரத்தத்த எப்படிச் சேத்துக்கறது?"

"சொன்னபடி சாப்பிட்ட ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம். எல்லாருமே பாவக்காய் சாறு குடிச்சிட்டுத்தான் வந்தாங்க. மத்தவங்கள விட்டுட்டு இந்த நாலு பேர மட்டும் ஏன்?"

"அவங்க ரிசல்ட்தானே ஏடாகூடமா இருக்கு."

அதில் என்ன தப்பு என்பது மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பட்டினி கிடந்தா இன்சுலின் இறங்கும், ஏறாது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? பட்டினி கிடந்தும் ஏறியிருக்குன்னா வேற என்ன அர்த்தம்? காலையில சீனி போட்ட தேத்தண்ணி கீத்தண்ணி குடிச்சிட்டு வந்திருந்தா நானே ஒத்துக்குவேன். இவங்கதான் ஒன்னுமே குடிக்கலையே!"

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "நல்லா யோசிக்கிறீங்க மிஸ்ஸி" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நம்ம ஆளுங்க சொன்னா கேக்க மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும்லா. மண்டபத்துல ஒருத்தராவது கேள்வி கேட்டாங்களா, பாத்தீங்களா?" என்றார்.

லயத்து வீட்டில் பிறந்த வாய் அது. என் அம்மாவின் பெட்டியைச் சுமந்த தோள் அது. வேறு யாராவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவர் சொன்னதும் வெளியே வந்து, முதல் நோயாளிக்கு இரத்த அழுத்தம் பார்த்தேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் டாக்டர் அந்த நாலு பேரையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார், நான் விடுப்பில் இருந்த நாட்களாகப் பார்த்து. எனக்குத் தெரியாது. வேறு எதையோ தேடிக்கொண்டு கோப்பைத் திறந்தபோது நாலு புதுத் தாள்கள் இருந்தன. நாலிலும் ஒரே வாசகம்: இரத்தம் கொடுத்த நாள் காலையில் நான் சீனி போட்ட தேத்தண்ணி குடித்திருந்தேன். அதன் கீழே நாலு கையெழுத்துகள். கடைசித் தாளில் இருந்தது அக்காவுடையது. தேத்தண்ணி என்ற அந்த யோசனையை அவருக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான். அவர் கணக்கில் என்ன குறைகிறது என்று நானே சுட்டிக்காட்டினேன், அவர் அதை வாங்கி நிரப்பிக்கொண்டார்.

காரை எடுத்துக்கொண்டு நேரே செடெனாக் போனேன். அன்று செவ்வாய்க்கிழமை, அக்காவுக்கு ஓய்வு நாள். கூடத்தில் உட்கார்ந்து வேலைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேப்பர்ல ஏன்க்கா கையெழுத்துப் போட்ட?"

அவள் ஊசியை நிறுத்தவில்லை. "டாக்டர் கூப்பிட்டாரு. ரிசல்ட் இப்படியே இருந்தா மாத்திரையை நிறுத்திடுவாங்கன்னாரு. தேத்தண்ணி குடிச்சேன்னு போட்டா நிக்காதுன்னாரு. போட்டேன்."

"நீ குடிக்கலியே! என் வீட்டுல என் பக்கத்துலதானே படுத்திருந்த!"

"குடிக்கலதான்."

"உனக்கு நடுங்குதே! வேலை எடத்துல விழுந்தியே! மெஷின் மேல விழுந்திருந்தா என்னக்கா ஆகியிருக்கும்? பாலத்துல பஸ் நிக்கும்போது மயக்கம் போட்டா யாரு பாத்துக்குவா?"

"பையில மிட்டாய் வச்சிருக்கேன். நடுங்கினா வாயில போட்டுக்கறேன். நனைஞ்சா எதப் போட்டுக்கறது?"

வேறு மாத்திரை இருக்கிறது, வேறு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், குளுவாங் ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் நோட்டையும் காட்டினாரு" என்றாள். "உங்க தங்கச்சியே எழுதி வச்சிருக்காங்க பாருங்கன்னு என் முன்னாடி வச்சாரு. படிச்சேன் பாப்பா. டாக்டரும் அங்கயேதான் உக்காந்திருந்தாரு."

"பேர் போடலக்கா. நம்பர்தான் போட்டிருக்கேன்."

"அந்த நம்பர் நான்தானே?"

"ஆராய்ச்சிக்காகத்தான்க்கா எழுதினேன்..."

"நான் உன்கிட்டச் சொன்னேன். ஆராய்ச்சிகிட்டச் சொன்னேனா? எம் புருஷனுக்குத் தெரியாது, எம் பிள்ளைங்களுக்குத் தெரியாது. நீ தேதி போட்டு எழுதி வச்சிருக்க." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், கட்டிப் பிடித்து அழுதிருப்போம், முடிந்திருக்கும். "டாக்டர் எனக்குத் துரோகம் பண்ணாருன்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்கிற. நோட்டு யாரோடது?"

மண்டபத்தில் அந்தப் பக்கத்தை ஆளுயரத்துக்குக் காட்டியதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. இது எந்த வகைத் துரோகத்தில் சேரும் என்று தெரியவில்லை.

வேலையை விட்டேன். டாக்டர் தடுக்கவில்லை. "உங்களுக்கு என்ன குறை வச்சேன் மிஸ்ஸி?" என்று மட்டும் கேட்டார். உண்மையிலேயே புரியாமல் கேட்ட மாதிரிதான் இருந்தது. பிறகு, இப்படிப்பட்ட ஆய்வுகளைக் கண்காணிக்கிற குழுவுக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நாலு பேர் நீக்கப்பட்டது, மற்றவர்களும் அதே மாதிரி பட்டினி கிடந்தது, பட்டினியில் இன்சுலின் ஏறாது என்பது, அக்கா என் வீட்டில் தங்கியது, ஒன்று விடாமல் எழுதினேன். மற்ற மூன்று பெண்களையும் தேடிப் போனேன். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. இன்னொருத்தி திறந்து, "போதும் மிஸ்ஸி, எங்கள விட்டுடுங்க" என்றாள். மூன்றாமவள் அழுதாள், ஆனால் டாக்டர் பகை வேண்டாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அங்கேதான் போக வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மூவரும் இப்போது வேறு பெஞ்சில் உட்காருகிறார்கள், நான் உட்காராத பக்கமாகப் பார்த்து.

மிச்சம் இருந்தது அக்கா மட்டும்தான். குழுவிலிருந்து ஒரு பெண் அதிகாரி, அக்காவிடம் போனில் விசாரிக்கிறேன் என்றார். அவள் ஓய்வு நாளாகப் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் முன்பாகவே போய் அக்கா முன்னால் உட்கார்ந்தேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒரே ஒரு வார்த்தைக்கா. குடிக்கலன்னு சொல்லு, போதும். எனக்காக வேணாம். இனி அந்த மாத்திரையை எத்தனை பேருக்குக் குடுப்பாங்களோ, அவங்களுக்காகச் சொல்லு. உன் உசுருக்காகச் சொல்லு."

அக்கா எனக்குச் சோறு போட்டாள். நெத்திலிச் சம்பல், முட்டைக்கோஸ். நான் சாப்பிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

போன் அடித்தது. அக்காவே ஸ்பீக்கரைப் போட்டு மேசை மேல் வைத்தாள். அந்தப் பெண் நல்ல மாதிரி. மலாயில், அவசரப்படாமல், பயப்பட வேண்டாம் காக்கா, உண்மையைச் சொன்னால் போதும் என்றார். தாளில் இருக்கிற கையெழுத்து உங்களுடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள் அக்கா. யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். அன்று காலை இரத்தம் கொடுக்கும் முன்பு ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம், வேண்டாம் என்று.

"யா, சாயா மினும்" என்றாள். குடித்தேன் என்று.

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டார். முழுதாக மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. என் நாலு பக்கமும் அதோடு முடிந்தது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவள் நெற்றியைப் பார்த்தேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் முத்து முத்தாக வேர்த்திருந்தது. மேசை மேல் வைத்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

கையை எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "நடுங்குதாக்கா? எத்தனை நாளா இப்படி இருக்கு? தினமும் வருதா? என்கிட்டச் சொல்லுக்கா."

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். பையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து, வாயில் போட்டுக்கொண்டாள். நடுக்கம் நிற்கும் வரை மிட்டாய்த் தாளைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னுமில்ல. நல்லாத்தான் இருக்கேன், மிஸ்ஸி" என்றாள் என் அக்கா.